ஒத்தவெட்டு மாடசாமிக்கு வாசித்துக் காட்டினேன்

அச்சாபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஜோடி சேர்த்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் அவர் உள்ளே வந்தார். எங்கள் அச்சாபீசுக்குள் அந்த மரியாதையோடு யாரும் வந்ததில்லை. தரையெல்லாம் மையும் மண்ணெண்ணெயும். செருப்பில்லாமல் வந்தவன் காலைத் தேய்த்துக் கழுவ ஒரு பொழுது ஆகும்.

வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, நரைத்த மீசை. மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர் என்று நினைத்துவிட்டேன்.

"வாங்க, உக்காருங்க. முகூர்த்தம் என்னைக்கு?"

அவர் மடியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். மஞ்சள் அட்டை. அட்டையில் முறுக்கு மீசைக்காரன் ஒருவன் ரத்தம் சொட்டும் அரிவாளோடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். மேலே கொட்டை எழுத்தில் 'ஒத்தவெட்டு மாடசாமி: கூலிக்குக் கொன்றவனின் உண்மைச் சரித்திரம்'.

"இத எளுதுனது யாரு தம்பி?"

"ஏன், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. நாந்தான் மாடசாமி."

பக்கத்து மேஜையில் முதலாளி பட்டாசு லேபிளைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அவரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அண்ணாச்சி எழுந்தார். "இந்தா, இவந்தான் எளுதுனது. நமக்குக் கையெளுத்தே ஒளுங்கா வராது பாத்துக்கிடுங்க" என்று என்னைக் கைகாட்டிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார். கக்கூஸ் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடும் சத்தம் அதைவிடப் பலமாகக் கேட்டது.

நான் கொலை எழுத்தாளன் ஆன கதை

மாடசாமி நிற்கட்டும். நான் எப்படி இந்த இக்கட்டில் மாட்டினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

விருதுநகரில் என் அப்பாவுக்கு மிளகாய் மண்டியில் வேலை. நான் இன்டர்மீடியட்டில் கணக்கில் கோட்டை விட்டதும் என்னையும் மண்டியில் உட்கார வைத்தார். காலையில் ஆரம்பிக்கும் தும்மல் கடை சாத்தும் வரை ஓயாது. அதற்குப் பயந்துதான் சிவகாசிக்கு ப்ரூஃப் திருத்துகிற வேலைக்கு வந்தேன். கல்யாணமும் ஆகியிருந்தது. மனைவி சொர்ணம் சாத்தூர்க்காரி. காராச்சேவும் அவள் பேச்சும் ஒரே பதம்.

பெரிய லித்தோ அச்சாபீசுகள் சாமி படக் காலண்டர் அடித்துக் கொழுத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு டிரெடில் மிஷின். அதுவும் ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுத்து இழுத்துத்தான் ஓடும். தீபாவளி சீசன் முடிந்தால் லேபிள் ஆர்டர் கிடையாது. மிஷின் சும்மா நிற்பதைப் பார்த்தால் அண்ணாச்சிக்குச் சோறு இறங்காது.

"ஏலே, பஸ் ஸ்டாண்டுல கொலைக்கதை புஸ்தகம் பறக்குது. நீயும் ஒண்ணு எளுது. ஆனா நெசக் கொலையா இருக்கணும். ஜனங்களுக்கு நெசமான ரத்தந்தான் வேணும்."

நெசக் கொலைக்கு நான் எங்கே போவேன்? கோர்ட்டில் பியூனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் டீக்கடையில் அகப்பட்டார். சுதந்திரம் வந்த சமயத்தில் வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த கொலையைச் சொன்னார். பங்காளிகளுக்குள் வாய்க்கால் தகராறு. ஒரு பங்காளி, கூலிக்கு வெட்டுகிற மாடசாமியைப் பிடித்தான். மாடசாமி ஒரே வெட்டில் சுப்பையா என்பவரை முடித்தான். ஆயுள் தண்டனை. அவ்வளவுதான்.

இதை எவ்வளவு இழுத்தாலும் நாலு பக்கம் வரும். புத்தகமோ முப்பத்திரண்டு பக்கம். மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன். மாடசாமிக்கு இன்னும் ஆறு கொலைகளை வழங்கினேன். ஒவ்வொரு கொலைக்கும் முன்னால் வெற்றிலை போட வைத்தேன். போலீசிடமிருந்து தப்பிக்கச் சேலை கட்டிவிட்டேன். சுப்பையாவை அவன் காலில் விழுந்து கும்பிட்டு அழ வைத்தேன். கோழி அறுப்பதையே கண்ணைத் திறந்து பார்க்காதவன் நான்.

அப்படியும் கடைசிப் பக்கத்தில் பாதி வெள்ளையாகக் கிடந்தது. "வெறும் பேப்பரையா விக்கிறது? எதையாவது எளுதி ரொப்பு" என்றார் அண்ணாச்சி.

வீட்டில் சொர்ணம் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "வெட்டுனதெல்லாம் சரி. செத்தவனுக்கு அளுக ஒரு நாதி இல்லையே. ஒரு பொண்டாட்டிய வைங்க."

"வச்சுட்டேன்."

"அவ வயித்துல ஒண்ண வைங்க. நாலு மாசம். அப்பந்தான் எங்களுக்குக் கண்ணுல தண்ணி வரும்."

வைத்தேன். புத்தகம் பறந்தது. தீப்பெட்டி ஆபீசில் ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் குச்சி அடுக்கிக்கொண்டே கேட்பார்களாம். டீக்கடைகளில் கணீரென்று வாசித்துக் காட்டுகிறவனுக்கு ஓசி டீயாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடசாமி என்கிற ஆள் இன்னும் உயிரோடு இருக்கலாம், தண்டனை முடிந்து வெளியே வந்திருக்கலாம், டீ குடிக்கலாம் என்பதெல்லாம் என் மண்டையில் உதிக்கவே இல்லை.

வாசிங்க தம்பி

மாடசாமி ஒரு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"எனக்கு எளுத்து தெரியாது. டீக்கடையில ஒருத்தர் வாசிச்சாரு, நானும் ஓரமா உக்காந்து கேட்டேன். எளுதுனவுக வாயால ஒருக்காக் கேட்டுட்டா நல்லதுன்னு வந்தேன். வாசிங்க தம்பி."

முப்பத்திரண்டு பக்கமும் 'அவன்' 'இவன்' என்றுதான் எழுதியிருந்தேன். ஆள் எதிரே உட்கார்ந்ததும் என் வாய்க்குத் தானாகவே மரியாதை வந்துவிட்டது. "மாடசாமி அவர்கள் அரிவாளைத் தீட்டினார்கள்" என்று ஆரம்பித்தேன்.

"எளுதியிருக்கத அப்படியே வாசிங்க. எனக்கு மருவாதையெல்லாம் வேண்டாம்."

"கொலைவெறி கொண்ட அந்த ஓநாய்..."

"யாரு, நானா?"

"அது சும்மா, ஒரு அலங்காரத்துக்கு..."

"சரி, சரி. மேல போங்க."

வெற்றிலை வந்தது. "எனக்கு அந்தப் பளக்கமே கெடையாது. பல்லு கூசும்" என்றார். சேலை வந்தது. மீசையைத் தடவிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். "இம்புட்டு மீசைய வச்சுக்கிட்டாய்யா சேலை கட்டுனேன்?" நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்கலாமா?

ஏழு கொலை என்று வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏளுன்னு எப்படி எளுதுனீக?"

"ஒரு உத்தேசமாத்தான்..."

"கணக்குத் தப்பு தம்பி."

கூடுதலா குறைச்சலா என்று கேட்க எனக்கு நாக்கு எழும்பவில்லை. இன்று வரைக்கும் தெரியாது.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். 'ஐயகோ! நான்கு மாதக் கர்ப்பிணியான அந்தப் பேதை, தன் வயிற்றில் வளரும் சிசு தந்தை முகம் காணாமலே பிறக்கப் போவதை எண்ணி மார்பில் அறைந்துகொண்டு கதறினாள்!'

மாடசாமியின் சிரிப்பு போய்விட்டது.

"இத உங்களுக்கு யாரு சொன்னா?"

உண்மையைச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது. "யாரும் சொல்லல. பக்கம் ரொம்பல, அதுக்காகச் சும்மா எளுதுனது. பொய்தாங்க."

"பொய்யில்ல தம்பி. போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்."

டிரெடில் மிஷினும் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வெட்டுனவுகளப் பத்தி நான் விசாரிச்சதே கெடையாது. விசாரிச்சா கை ஓடாது. கோர்ட்டுலயும் பொண்டாட்டி பிள்ளையப் பத்தி ஒருத்தரும் பேசல. உங்க புஸ்தகத்தக் கேட்ட பொறவுதான் அந்த ஊருக்குப் போனேன். சுப்பையா வீடு இடிஞ்சு கெடக்கு. அவரு பொண்டாட்டி பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் தாயில்பட்டிக்குப் பட்டாசு வேலைக்குப் போயிட்டான்னு சொன்னாக. அங்கயும் போனேன். வேலை விட்டு ஒரு கொமரிப்பிள்ளை வெளிய வந்துச்சு, மொகமெல்லாம் வெள்ளி மருந்து அப்பி. யாரையும் கேக்கல நான். எடது தோளச் சாச்சு ஒரு நடை. சுப்பையா நடை. அந்த நடைக்குப் பின்னாலயே எம்புட்டு நாள் போயிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

நான் புத்தகத்தை மூடி மேஜையில் வைத்தேன்.

"சுப்பையா பேரும் ஊர்ப் பேரும் போட்டிருக்கீக. புஸ்தகம் அங்க போனா அந்தப் பிள்ளையக் கையக் காட்டிப் பேசுவாக. அந்தப் பேரையும் கடைசிப் பக்கத்தையும் எடுத்துருங்க. என்னைய ஓநாய்ன்னோ நரின்னோ என்னமும் எளுதிக்கோங்க."

பேச்சு அமைதியாகப் போவதைக் கேட்டு அண்ணாச்சிக்குத் தைரியம் வந்து, தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். வியாபாரம் என்றால் அவருக்கு எந்தப் பயமும் தெரியாது.

"அதெப்படிங்க முடியும்? ஆடித் திருவிழாவுக்குன்னு ரெண்டாம் பதிப்பு ஓடிக்கெடக்கு. பேப்பர் என்ன வெல விக்குது! தெச்சுக் கட்டுக் கட்டியாச்சு."

மாடசாமி கோபப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சரிங்க அண்ணாச்சி. நீங்க சாயங்காலம் வீட்டுக்கு எந்த வளியாப் போவீக?"

அண்ணாச்சி முகத்தில் ரத்தமே இல்லை. "ஏலே, அந்தக் கட்டப் பிரிங்கலே!" என்று கம்பாசிட்டரைப் பார்த்துக் கத்தினார். "இப்பமே எளுத்துக் கோத்துப் புது பாரம் போடு! பேர மாத்து, ஊர மாத்து, கடைசிப் பக்கத்துக்குப் பல்பொடி விளம்பரம் போடு!"

மாடசாமி கும்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

"என்ன அர்த்தத்துலலே கேட்டான்?" என்றார் அண்ணாச்சி.

"வளிதான் கேட்டாரு."

அதன் பிறகு பல மாதம் அண்ணாச்சி தினம் ஒரு தெரு வழியாக வீட்டுக்குப் போனார், கூட ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு.

தாயில்பட்டியில் ஒரு வாசிப்பு

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் சொர்ணம் அழுதாள். "நாலு மாசம்னு நாந்தான சொன்னேன்? என் வாயில என்ன இருக்கோ!" கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த புஸ்தகத்துல எனக்கு ஒரு காசுமாலை கெடைச்சதா எளுதுங்க, பலிக்குதான்னு பாப்போம்" என்றாள். அவள் அப்படித்தான். அழுகையும் கேலியும் ஒரே தண்ணீர்க் குழாயில் வரும்.

ஆனால் விடவில்லை. முதல் பதிப்பு எங்கெங்கோ போயிருக்கிறதே, தாயில்பட்டிக்கும் போயிருந்தால்? அச்சாபீசுக்கு லீவு விட்ட ஒரு நாளில் என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். எங்களுக்குத்தான் லீவு. சீசன் நெருங்கியதால் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

நாங்கள் போன நேரம் மத்தியானக் கஞ்சி நேரம். கம்பெனி வேலிக்கு வெளியே வேப்பமர நிழலில் பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் முகத்திலும் வெள்ளிப் பொடி மின்னியது. நடுவில் ஒரு பெண் மஞ்சள் அட்டைப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து பதினாறு வயதிருக்கும்.

என் புத்தகம்தான். என் ஓநாய்தான். ஆனால் மாடசாமி என்ற பெயரே வரவில்லை, வெட்டுப்பட்டவர் பெயர் வேலாயுதம் என்று வந்தது. ஊர் மதராசுக்கு வடக்கே எங்கேயோ. கர்ப்பிணியைக் காணோம். இரண்டாம் பதிப்பு இன்னும் கடைக்கே வரவில்லை. வேலாயுதம் எங்கிருந்து வந்தார்?

வாசிப்பு முடிந்து அந்தப் பெண் குழாயடிக்கு வந்தாள். இடது தோளைச் சாய்த்து ஒரு நடை. சொர்ணம் என் கையைக் கிள்ளினாள். பிறகு மெதுவாகப் போய், "ஏம்மா, புஸ்தகத்துல பேரு வேறயில்ல இருக்கு?" என்றாள்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சத்தமாப் பேசாதீகக்கா. அந்தா, மரத்துல சாஞ்சு உக்காந்திருக்குல்ல, அது எங்கம்மா. புஸ்தகத்துல செத்தவரு எங்கப்பா."

"உனக்குத் தெரியுமா?"

"எங்கப்பா காலராவுல போனாருன்னுதான் அம்மா சொல்லும். தண்ணிச் சண்டையில ஒருத்தி எப்பவோ நெசத்தக் கக்கிட்டா. எனக்குத் தெரியும்கிறது அம்மாவுக்குத் தெரியாது."

"அப்ப இத எதுக்கும்மா எடுத்து வாசிக்கே?"

"நான் வாசிக்கலைன்னா வேற ஒருத்தி வாசிப்பா. இங்க இன்னும் ரெண்டு பேரு எளுத்துக் கூட்டுவாக. நானே பேர மாத்தி வாசிச்சுட்டா கதை தீந்துச்சு. ஒரே புஸ்தகத்த ரெண்டு தடவ எவ கேப்பா?"

அவள் பெயர் முத்துமாரி. இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், மற்றப் பெயர்களைப் போலவே.

எழுதியது நான்தான் என்று சொன்னேன். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். அட்டையில் இருந்த மீசைக்காரன் அளவுக்காவது எதிர்பார்த்திருப்பாள் போல.

"நீங்களா? சரி, ஒண்ணு கேக்கேன். எங்கப்பா கால்ல விளுந்து கும்பிட்டு அளுதாருன்னு எளுதியிருக்கீக. நெசமா?"

"தெரியாதும்மா."

"தெரியாமயா எளுதுனீக?"

சொர்ணம் வேறு பக்கம் பார்த்தாள். எனக்கு உதவிக்கு வரும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

"தெரிஞ்சவுக யாரும் இருந்தாக் கேட்டுச் சொல்லுங்க. அளுதிருந்தாலும் பரவாயில்ல. நெசத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு முத்துமாரி உள்ளே போய்விட்டாள்.

ஒரே ஒரு சாட்சி

தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். விசாரித்ததில், வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசு குடோனில் காவல் இருப்பதாகத் தெரிந்தது. அவர் காவல் இருக்கிற குடோனில் எவன் திருடுவான்? அந்தக் கம்பெனிக்காரர் மூளைக்காரர்.

போனபோது மாடசாமி குடோனை விட்டு வெகு தூரத்தில், உடைமுள் மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். "பட்டாசுன்னா எனக்குப் பயம் தம்பி. வெடி போட்டா ஒடம்பு தூக்கிப் போட்டுரும்" என்றார் வெட்கத்தோடு.

முத்துமாரி கேட்டதைச் சொன்னேன். அவர் எழுந்து போய் மண்பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அளுகல. கும்பிடல. பொளுது சாயுற நேரம். தலையில புல்லுக்கட்டோட ஆத்தங்கரையில முன்னால போறாரு. தலச்சொமையோட திரும்ப முடியாதுல்ல. எங் காலடிச் சத்தம் கேட்டுச்சு அவருக்கு. திரும்பாமயே, 'யாருய்யா பின்னால? இங்கன பாசி புடிச்சுக் கெடக்கு, வளுக்கும். பாத்துக் கால வைய்யி'ன்னாரு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்துத்தான் வச்சேன். அதுக்குமேல அவரு பேச நான் நேரம் விடல."

கிளம்பும்போது, "அந்தப் பிள்ளைகிட்ட நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்" என்றார். பிறகு, "வேற யாரு சொல்லியிருக்க முடியும்! சரி, சொல்லுங்க" என்றார்.

தாயில்பட்டிக்கு மறுபடியும் போனோம். குழாயடியில் வைத்து, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். என் வாழ்நாளில் அப்படிச் சொன்ன கதை அது ஒன்றுதான்.

முத்துமாரி கேட்டுக்கொண்டே கையிலிருந்த வெள்ளிப் பொடியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அது அவ்வளவு சுலபத்தில் போகாது.

"அவரே சொன்னாரா?"

"ஆமா."

"எங்கன இருக்காரு?"

நான் வாயைத் திறப்பதற்குள், "வேண்டாம், சொல்லாதீக" என்றாள். "இதையும் எளுதி வித்துறாதீக, எங்கம்மா இருக்க வரைக்கும்."

அடுத்த சீசனுக்கு அந்த உடைமுள் மரத்தடியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாடசாமி எங்கே போனார் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அதற்குப் பிறகும் அண்ணாச்சிக்குப் புத்தகங்கள் எழுதினேன். சொர்ணம் போட்ட உத்தரவுப்படி எல்லாம் திருட்டுக் கதைகள். சுமாராகத்தான் விற்றன. காசுமாலையும் வரவில்லை.

இந்த வருஷம் விருதுநகரில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் முத்துமாரியைப் பார்த்தேன். கூட இரண்டு பேரப்பிள்ளைகள். அவர் அம்மா காலமாகி ஆறேழு மாதம் ஆகிவிட்டதாம்.

"இப்ப வேணும்னா எளுதிக்கோங்க" என்றார். "ஆனா ஓநாய், நரியெல்லாம் வேண்டாம்."

"அம்மா கடைசியிலயாவது உங்ககிட்டச் சொன்னாகளா?"

"இல்ல. சாகப்போறதுக்கு முந்தி என்னையப் பக்கத்துல உக்கார வச்சு, 'ஒங்கப்பா ரொம்ப நல்ல மனுசன், ஆத்தா. பாளாப்போன காலரா கொண்டு போயிருச்சு'ன்னுச்சு. ஆமாம்மான்னேன்."